சொல்லிட்டுப் போங்க: ஆயாவிடம் பிள்ளையை விட்டுப் போகும் வீடுகளுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பொங்கல் கழிந்த வாரமும் ஆடிப்பெருக்கு கழிந்த வாரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் பையோடு ஏறுகிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலை, ஓசூருக்குக் கம்பெனி வேலை, திருப்பூருக்குப் பனியன் வேலை. ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். "முழிச்சா அழுவும், தூங்கும்போதே கிளம்பிடு" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த பல மாதங்களுக்கு அந்தப் பிள்ளையும் ஆயாவும் படும் பாட்டில் பெரும் பங்கு இந்த ஒரு யோசனையிலிருந்தே தொடங்குகிறது.

பிள்ளையை விட்டுப் போவதே தப்பு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மழையை நம்பிய ராகிக் காட்டையும் இரண்டு மாட்டையும் வைத்துக்கொண்டு வாங்கிய கடனை அடைக்க முடியாது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்றாகப் பழகிய ஒரு கை மாறாமல் கூடவே இருந்தால் சின்னப் பிள்ளை பிரிவைத் தாங்கிக்கொள்ளும். விட்டுப் போகும் விதத்தில்தான் கெடுதல் நுழைகிறது. சொல்லாமல் நழுவுவது, பாலையும் அம்மாவையும் ஒரே நாளில் நிறுத்துவது, அழுகை ஓய்ந்ததும் 'பழகிடுச்சு' என்று முடிவு கட்டுவது. இந்த மூன்றையும் மாற்றக் காசு செலவில்லை. கொஞ்சம் நாள்தான் வேண்டும்.

முதலில் வயதைப் பார்க்க வேண்டும். பிறந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கும். அப்போது யார் தூக்கினாலும் பெரும்பாலும் போகும். ஏழெட்டு மாதத்தில் நம்ம ஆள் யார், வெளியாள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும். அங்கிருந்து ஒன்றரை வயது வரை பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்று அதற்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. திரும்பி வருவாள் என்பதுதான் இன்னும் நிச்சயமாகவில்லை. 'நாளைக்கு', 'பொங்கலுக்கு', 'ஒண்ணாந்தேதி' எதுவும் அதன் கணக்கில் கிடையாது. ஆகவே எட்டு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் முதல் முறையாகப் பிரிவதுதான் மிகக் கடினம். வேலைக்குப் போகும் தேதியைத் தள்ள முடிந்தால் அந்தக் காலத்தைத் தாண்டித் தள்ளுங்கள். முடியாதென்றால் பழக்கும் நாட்களைக் கூட்டுங்கள்.

பால் மறக்கடிப்பதை இதோடு சேர்க்கவே கூடாது. மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசி, பிள்ளையை ஆயா வீட்டில் விட்டு, நான்கு நாள் கண்ணில் படாமல் இருப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். பிள்ளைக்கு அது பசி மட்டும் அல்ல. பயந்தால், விழுந்தால், தூக்கம் வந்தால் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் முதலில் கசக்கிறது. அடுத்து அந்த இடமே காணாமல் போகிறது. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. ஊருக்குப் போவதால் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், கிளம்புவதற்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை குடிக்கிறது என்றால் பகலில் ஒரு வேளையை மட்டும் எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் கூழோ பருப்புச் சோறோ கொடுத்து மடியில் வைத்திருங்கள். நான்கைந்து நாள் கழித்து அடுத்த வேளை. ராத்திரி தூங்கும் முன் குடிக்கும் பால் கடைசியாகப் போக வேண்டும். இப்படிக் குறைத்தால் அம்மாவுக்கும் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வராது. முழுசாக நிறுத்திய பிறகு அம்மா குறைந்தது ஒரு வாரமாவது வீட்டில் இருக்கட்டும்: பால் போனாலும் அம்மா போகவில்லை என்று பிள்ளை பார்க்க வேண்டும்.

ஆயாவின் கைக்குப் பழக்குவதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஆயாதானே, தெரியாதா என்று கேட்பார்கள். கொஞ்சுவதற்குத் தெரிந்த ஆள் வேறு. நடு ராத்திரி அலறி எழும்போது தேடும் ஆள் வேறு. முதல் நான்கைந்து நாள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் குளிக்க வைப்பது, ஊட்டுவது, கால் கழுவி விடுவது எல்லாம் ஆயா செய்யட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். தூங்க வைப்பதை இந்த வரிசையில் கடைசியாக மாற்றுங்கள், அதுதான் பிள்ளைக்கு மிகக் கஷ்டம். அதன் பிறகு அம்மா வெளியே போய் வரும் நாட்கள்: அரை மணி நேரம், அடுத்து இரண்டு மணி நேரம், அடுத்து அரை நாள், கடைசியில் ஒரு ராத்திரி. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வர வேண்டும். அம்மா போனால் வருவாள் என்பதைப் பிள்ளை சொல்லில் கற்றுக்கொள்ளாது, இப்படிப் போய்ப் போய் வருவதில்தான் கற்றுக்கொள்ளும்.

இந்த இரண்டு வாரத்தில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. போகப்போகிறோமே என்ற வேதனையில் அம்மா பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை. ஆயாவுக்குக் கையே கிடைக்காது. கடைசி நாள் வரை அம்மாவே ஊட்டி, அம்மாவே தூங்க வைத்து, மறுநாள் காலை ஒரேயடியாக மாற்றம் நடக்கும். வேதனை நியாயம்தான். தூக்குங்கள், கொஞ்சுங்கள். சோறும் குளியலும் தூக்கமும் மட்டும் ஆயாவிடம் போகட்டும்.

ஆயாவுக்குத் தெரிய வேண்டிய சின்னச் சின்ன விஷயங்களை அம்மா செய்து காட்ட வேண்டும். தூக்கம் வந்தால் காதை இழுக்குமா, கண்ணைக் கசக்குமா? தண்ணிக்கு என்ன சொல்லும்? எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும்? முதுகில் தட்ட வேண்டுமா, தலையைக் கோத வேண்டுமா? ஆயா நான்கு பிள்ளை வளர்த்தவராக இருப்பார், அவருக்கென்று ஒரு முறை இருக்கும். முதல் ஒரு மாதம் அம்மாவின் முறையிலேயே செய்யட்டும். பிறகு மெல்லத் தன் முறைக்குக் கொண்டுவரலாம்.

பழைய பருத்திப் புடவை ஒன்றை விட்டுப் போங்கள். அம்மா நான்கைந்து நாள் கட்டி, துவைக்காதது. அதைக் கிழித்து இரண்டாக்கி, ஒன்று பிள்ளையின் படுக்கையில், ஒன்று உள்ளே மடித்து. அழுக்கானதைத் துவைக்கும்போது மற்றது கையில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகத் துவைத்தால் வாசனை போய்விடும், பிறகு அது வெறும் துணி. தூளி கட்டும் புடவையையும் மாற்ற வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் தூங்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் தளர்ந்த துணி கிடக்கக் கூடாது. விழித்திருக்கும்போது கையில் கொடுங்கள்.

இனி கிளம்பும் நாள். முந்தின நாள் சாயங்காலம் பிள்ளையை மடியில் வைத்துச் சொல்லுங்கள்: "நாளைக்குக் காலைல அம்மா பஸ்ல ஏறி வேலைக்குப் போறேன் கண்ணு. நீ ஆயாகூட இருப்ப. ஆயா சோறு ஊட்டும், ஆயாகூடப் படுத்துக்குவ. அம்மா திரும்பி வருவேன்." ஒரு வயதுப் பிள்ளைக்குச் சொல்லெல்லாம் புரியாது. குரலும் முகமும் புரியும். மறுநாள் பஸ் ஐந்து மணிக்கு என்றால் அடுத்த பஸ்ஸைப் பாருங்கள்; அதுவும் முடியாவிட்டால் அரை மணி முன்பாகவே எழுப்பி, கழுவி, ஏதாவது குடிக்கக் கொடுத்துத் தெளிய வையுங்கள். வாசலில் வைத்து அதே வார்த்தைகளைச் சொல்லி, அம்மாவே பிள்ளையை ஆயாவின் கையில் கொடுக்க வேண்டும். ஆயா பறித்து வாங்கக் கூடாது. அம்மா கொடுத்தால், 'இவங்ககிட்ட இரு' என்று அம்மா சொன்னதாகிறது. பறித்தால் ஆயா அம்மாவைப் பிரித்தவர் ஆகிவிடுகிறார்.

இதெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். போய்விட்டுத் திரும்பி ஓடிவந்து இன்னொரு முத்தம் கொடுப்பது வேண்டாம், பிள்ளை இன்னும் குழம்பும். அம்மாவுக்குக் கண் கலங்கினால் பரவாயில்லை, மறைக்கத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகாதீர்கள். கூட்டமும் ஆரன் சத்தமும் அம்மாவை ஏற்றிக்கொண்டு நகரும் வண்டியும் சேர்ந்தால், பல பிள்ளைகள் பிறகு பஸ்ஸைப் பார்த்தாலே அலறும். "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று பொய் மட்டும் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து ஆயா உண்மையாகவே கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் பிள்ளை புடவையைப் பிடித்துத் தொங்கும். கொல்லைப்பக்கம் போகக்கூட விடாது. "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று பழி ஆயா மேல் விழும்.

சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழாது என்று நினைக்க வேண்டாம். சத்தமாக அழும். சொல்லாமல் போனதைவிட அன்றைக்கு அதிகமாகவே அழலாம். அந்த அழுகையில் ஒரு தெளிவு இருக்கிறது: அம்மா போனாள், எனக்குப் பிடிக்கவில்லை, அழுகிறேன், ஆயா தூக்கி வைத்திருக்கிறாள். சொல்லாமல் போனால் அழுகைக்குப் பதிலாகக் காவல் வந்துவிடும். கண்ணை மூடினால் யாரோ காணாமல் போவார்கள் என்று பிள்ளை தூங்கப் பயப்படும். அரைத் தூக்கத்தில் எழுந்து எழுந்து ஆயாவைத் தொட்டுப் பார்க்கும்.

அழும்போது ஆயா சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க சாமி. உனக்கு அம்மா வேணும். ஆயா இருக்கேன்." இதையே சொல்லித் தூக்கி நடக்கலாம். உடனே "அந்தா பாரு காக்கா" என்று திருப்புவது, கையில் போனைக் கொடுப்பது, மிட்டாய் திணிப்பது வேண்டாம். அழுகை தானாகத் தணிய ஆரம்பித்த பிறகு கோழியைக் காட்டுங்கள், தண்ணியில் விளையாட விடுங்கள். அப்போது அது உதவும்.

முதல் இரண்டு வாரம் ஆயா நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகாமல் இருக்க வழி செய்யுங்கள். அந்த நாட்களின் கூலியை மகனோ மகளோ முன்பே கொடுத்துவிட்டுப் போவது நியாயம். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் முட்டி வலியோடு ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவது வேலையில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. இன்னொன்று, இந்த நாட்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்: கழிப்பறைப் பழக்கம், தனியாகப் படுக்க வைப்பது, பால்வாடியில் சேர்ப்பது எல்லாம் ஒரு மாதம் பொறுக்கட்டும். மொட்டை, காதுகுத்துக்குச் சொந்தமெல்லாம் கூடுவது பண்டிகை லீவில்தான். அதை அம்மா அப்பா ஊருக்கு வந்த முதல் நாட்களில் வையுங்கள். காது புண்ணோடு இருக்கும் பிள்ளையை விட்டு மறுநாளே கிளம்புவதைப் பல வீடுகளில் பார்க்க முடிகிறது. வலிக்கும்போது தேடும் ஆள் அந்த நேரத்தில்தான் இல்லாமல் போகிறாள்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு வாரம் பத்து நாளில் அழுகை நிற்கும். பிள்ளை ஓரமாக உட்காரும், கொடுத்ததைத் தின்னும், யார் கூப்பிட்டாலும் போகும். "பாரு, எவ்ளோ சமத்தாயிடுச்சு" என்று வீடு நிம்மதி அடையும். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1940-களின் கடைசியிலும் 1950-களிலும் லண்டனில், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து கிடந்த சின்னப் பிள்ளைகளை நாள்தோறும் கவனித்தார். முதலில் அலறி எதிர்க்கும். அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கும். கடைசியில் சாதாரணமாகிவிட்டது போல எல்லோரிடமும் சிரிக்கும், ஆனால் அம்மா வந்தால் கண்டுகொள்ளாது. மருத்துவமனை ஊழியர்கள் அந்த மூன்றாம் நிலையைத்தான் பழகிவிட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு தங்க மருத்துவமனைகள் பிற்பாடு கதவைத் திறந்ததில் அவர் வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

அமைதி நல்ல அமைதியா, ஒடுங்கிய அமைதியா என்று ஆயாவால் வீட்டிலேயே பார்க்க முடியும். நல்லபடியாகத் தேறும் பிள்ளை விழுந்தால் அழுதுகொண்டு ஆயாவிடம் ஓடிவரும். வெளியாளைப் பார்த்தால் ஆயாவின் பின்னால் ஒளியும். அவ்வப்போது அம்மாவின் பெயரைச் சொல்லும், புடவையை எடுத்து மோந்து பார்க்கும், பிறகு விளையாடப் போகும். ஒடுங்கிய பிள்ளை விழுந்தாலும் அழாது, யாரிடமும் ஓடாது, அல்லது வழிப்போக்கர் கூப்பிட்டால்கூடப் போய் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டை வாயிலேயே வைத்திருக்கும். தெரிந்த வார்த்தைகள் குறையும். தலையை ஆட்டி ஆட்டி உட்காரும். இந்தப் பிள்ளைக்குத்தான் மடி அதிகம் வேண்டும், ஆனால் அது கேட்காததால் யாரும் கொடுப்பதில்லை. கேட்காவிட்டாலும் தூக்குங்கள். காலையில் ஒரு கால் மணி, மாலையில் ஒரு கால் மணி, வேறு வேலை இல்லாமல் தரையில் உட்கார்ந்து பருப்புக் கடைந்து, நண்டூர விட்டு, எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிடுங்கள். பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தால் அது முன்னேற்றம்.

தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால் பேசுங்கள், ஐந்திலிருந்து பத்து நிமிடம். சாயங்காலச் சோற்றுக்குப் பிறகு, தூக்கம் கண்ணைக் கட்டுவதற்கு முன்னால் இருக்கும் நேரம் தோதானது. தூங்கப்போகும்போது பேசினால் அம்மாவைத் தேடிக்கொண்டே படுக்கும். இரண்டு வயதுக்குக் கீழே போனைக் கையில் கொடுத்துவிட்டு ஆயா எழுந்து போகக் கூடாது. பக்கத்தில் இருந்து, "அம்மா சிரிக்கறாங்க பாரு, உன் சட்டையக் காட்டு" என்று இரண்டு பக்கமும் இணைத்து வைக்க வேண்டும். "அம்மாவுக்கு முத்தம் குடு, என் பேர் சொல்லு" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை முகத்தைத் திருப்பும். அதைவிட அம்மா ஏதாவது செய்து காட்டலாம்: கை தட்டி ஒளிந்து 'கூக்' காட்டுவது, தான் தின்னும் சோற்றைக் காட்டுவது. கால் முடிந்ததும் பிள்ளை அழுதால் "பேசினாதான் அழுவுது, பேசாத விடு" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். அம்மா ஞாபகம் இருப்பதால் அழுகிறது. இரண்டு நாள் பேசி நான்கு நாள் பேசாமல் இருப்பதுதான் கெடுதல். மற்றபடி போனில் படம் ஓட்டி உட்கார வைப்பதை இரண்டு வயது வரை தவிர்க்கச் சொல்லித்தான் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

மூன்று மாதம் கழித்து அம்மா வந்து இறங்குவாள், பிள்ளை ஆயாவின் முந்தானைக்குள் ஒளியும். "மறந்துடுச்சே" என்று அம்மா உடைந்துபோவாள். ஊரே கூடிச் சிரிக்கும். மறக்கவில்லை. மறந்திருந்தால் ஒளியாது, வேடிக்கை பார்க்கும். அந்த முதல் ஒரு மணி நேரம் அம்மா பறித்துத் தூக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து ஆயாவோடு பேசுங்கள், பையைத் திறந்து துணியை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். பிள்ளை கிட்ட வந்து பையைத் தொடும், பிறகு உங்கள் வளையலைத் தொடும். அதன் வேகத்தில் வரட்டும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கதை மாறும்: அடிக்கும், கடிக்கும், இடுப்பைவிட்டு இறங்காது, படுக்கையை நனைக்கும். இத்தனை நாள் அடக்கியதை உரிய ஆளிடம் கொட்டுகிறது. "கடிக்கக் கூடாது, அம்மாவுக்கு வலிக்கும்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, "அம்மா இல்லாம கஷ்டமா இருந்துச்சா?" என்று தூக்குங்கள். ஆயாவும் "உங்கம்மா வந்துட்டா, இனி நான் எதுக்கு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

விளையாட்டு என்று சொன்னதும் இதையும் சொல்லியாக வேண்டும். "உன்னத் தவுட்டுக்கு வாங்கினோம்", "உங்கம்மா பாப்பாவ மட்டும் கூட்டிட்டுப் போயிடுச்சு, உன்ன வேணாம்னுடுச்சு" என்று சொந்தக்காரர்கள் சீண்டுவது வழக்கம். அம்மா கூடவே இருக்கும் பிள்ளைக்கே அது வலிக்கும்; அம்மா ஊரில் இல்லாத பிள்ளைக்கு அது கேலி அல்ல, செய்தி. மூன்று வயதுக்குள் கேலியைக் கேலி என்று பிரிக்கத் தெரியாது. "சாப்பிடலன்னா அம்மா வராது", "அழுதா பூச்சாண்டி புடிச்சுக்கும்" இரண்டும் இதே வகை. அம்மா வருவதும் வராததும் தான் சாப்பிட்ட சோற்றைப் பொறுத்தது என்று பிள்ளை மெய்யாகவே நம்பிவிடும். வீட்டுக்கு வந்தவர் அப்படிச் சொன்னால், பெரியவர் என்று தயங்காமல் அங்கேயே பிள்ளை காதில் விழும்படி சொல்லுங்கள்: "இல்ல கண்ணு, நீ எங்க புள்ள. அம்மா வேலை முடிச்சுட்டு வரும்."

அம்மா ஊருக்குப் போவது வேலைக்காக மட்டும் இல்லை. அடுத்த பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது, இரண்டு வயதுப் பெரிய பிள்ளையை இங்கேயே அப்பாவோடு விட்டுப் போவார்கள். கூடவே கூட்டிப்போக முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் ஐந்தாம் மாதத்திலிருந்தே குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் அப்பா கைக்கு மாறட்டும். குழந்தை பிறந்த பிறகு முதல் முறை பார்க்க வரும்போது அம்மாவின் கை காலியாக இருக்க வேண்டும், புதுக்குழந்தை வேறு யார் மடியிலாவது இருக்கட்டும். பெரிய பிள்ளை முதலில் அம்மாவைத் தொட்டுப் பார்க்கட்டும், பிறகு பாப்பா.

ஓசூரில் பிள்ளையை வைத்துக்கொண்டே ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வேறு கஷ்டம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், பிள்ளையின் நாள் முழுவதும் தலைகீழாகும். நேரத்தைக் காப்பாற்ற முடியாது, வரிசையைக் காப்பாற்றலாம். குளியல், சோறு, கதவை அடைப்பது, தூளி, தட்டிக் கொடுப்பது என்ற அதே வரிசை யார் செய்தாலும், எத்தனை மணிக்கு நடந்தாலும் மாறாமல் இருந்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தை காப்பகம் இருக்க வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 'நாம கான்ட்ராக்ட் ஆள்தானே' என்று கேட்காமல் விடாதீர்கள், நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

மூன்று வயதானதும் எல்கேஜி சேர்க்க ஓசூருக்கோ பெங்களூருக்கோ கூட்டிப்போவார்கள். அம்மாவிடம் சேர்ந்துவிட்டதே, இனி என்ன குறை என்று பெரியவர்களுக்குத் தோன்றும். பிள்ளைக்கு இது இரண்டாவது இழப்பு. இத்தனை நாள் அதற்கு அம்மா ஆயாதான்; சில பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடவும் செய்யும். திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். முன்பு செய்த பழக்கத்தை இப்போது திருப்பிச் செய்ய வேண்டும்: ஆயா பத்துப் பதினைந்து நாள் கூட வந்து இருக்கட்டும், ஊட்டுவதும் தூங்க வைப்பதும் மெல்ல அம்மாவிடம் வரட்டும், ஆயா கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். ஆடு மாட்டை யார் பார்ப்பது என்று ஆயா வர முடியாவிட்டால் அம்மா ஊரில் அந்த நாட்களைச் செலவிடலாம். ஜூனில் பள்ளி திறக்கிறது என்றால் ஏப்ரலிலேயே கூட்டிப்போங்கள். வீடு மாறுவதும் பள்ளி சேருவதும் ஒரே வாரத்தில் வந்தால் பிள்ளை தாங்காது. ஆயாவோடு வீடியோ கால் அதன் பிறகும் தினமும் நடக்க வேண்டும். ஆயா தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசி வளர்த்திருந்தால், பள்ளிக்காகத் தமிழும் இங்கிலீஷும் மட்டும் என்று வீட்டை மாற்றாதீர்கள். ஆயாவின் மொழியில்தான் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் வரும்.

அடம்பிடித்து உருளும்போது கூட்டுக்குடும்பத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் இறங்குவார்கள். ஒருவர் அதட்டுவார், ஒருவர் மிட்டாய் நீட்டுவார், ஒருவர் போன். ஒருவர் மட்டும் தரையில் உட்காரட்டும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கட்டும். சில பிள்ளைகள் அழுதழுது மூச்சை அடக்கி நீலம் பாரித்துத் துவண்டுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்க வேண்டாம், வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு வரும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை அப்படி ஆனதும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்; ரத்தசோகை இருந்தால் இது அடிக்கடி வரும் என்பதால் ரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழிந்தும் சிரிப்பு திரும்பவில்லை, எடை ஏறவில்லை, தெரிந்த வார்த்தைகள் போய்விட்டன, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் 'ஏக்கம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். காது கேட்காமை, வளர்ச்சித் தாமதம் போன்றவையும் இப்படியே தெரியும். பால்வாடியில் எடை போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு முதலில் நர்சம்மாவையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பாருங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காது, கண், பேச்சு, நடை எல்லாம் அங்கே ஒன்றாகப் பார்ப்பார்கள், காசு இல்லை. போகும்போது அம்மா ஊரை விட்டுப் போன தேதியையும், அதற்கு முன் பிள்ளை என்னென்ன வார்த்தை பேசியது என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாமல் பார்ப்பவர்களுக்கு ஏக்கத்தையும் தாமதத்தையும் பிரிப்பது கஷ்டம். வேலைக்குப் போன இடத்தில் அம்மாவுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் 14416-இல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி இருக்கிறது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஆயாவும் அதே எண்ணில் பேசலாம்.